எட்டு வருடக் கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: எட்டு வருடங்களுக்கு முன் வாங்கிய மேசைக் கணினி, அப்போது நன்றாக ஓடியது. இப்போது பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் திரை தயாராகியிருப்பதில்லை. புதிதாக எதையும் நிறுவவில்லை, தினமும் ஒழுங்காக அணைத்துத்தான் வைக்கிறீர்கள். ஃபார்மட் செய்வதா (அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதா), ரேம் என்ற தற்காலிக நினைவகத்தைக் கூட்டுவதா, புதிது வாங்குவதா என்று மூன்று கேள்விகள். கம்பெனிக்காரர்களே வேண்டுமென்று மெதுவாக்குகிறார்களோ என்று ஒரு சந்தேகம். போகிற போக்கில், சில நாட்களில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: நான் ஒன்றும் செய்யாமலே இது எப்படிக் கெட்டது? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே தீரும். தெரியாமல் ஃபார்மட் செய்வது, எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்காமலே வரிசையாகப் பிடுங்குவதைப் போன்றது.

இருபத்திரண்டு வருடங்களாகக் கணினி பழுதுபார்க்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியின் மூளையான பிராசஸருக்கு நம்மைப் போல மூப்பு வந்து நடை தளர்வதில்லை. 3 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் நொடிக்கு 300 கோடித் துடிப்பு. எட்டு வருடம் கழித்தும் அதே 300 கோடிதான். ரேமும் அப்படியே. ஒன்று சரியாக வேலை செய்யும், இல்லாவிட்டால் பிழை செய்யும். 'கொஞ்சம் மெதுவாக' வேலை செய்யும் பழக்கம் அதற்கு இல்லை. அப்படியானால் நீங்கள் திரைக்கு முன் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிற அந்த ஐந்து நிமிடமும் கணினி என்ன செய்கிறது? பெரும்பாலும் காத்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கிலிருந்து ஏதோ வர வேண்டும், அல்லது ரேமில் இடம் காலியாக வேண்டும், அல்லது சூடு தணிய வேண்டும், அல்லது இணையத்தின் மறுமுனையிலிருந்து பதில் வர வேண்டும். எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழிலில் பாதி. அந்தப் பாதியை நீங்களே செய்யலாம்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னப் பெட்டியாகத் திறந்தால் கீழே உள்ள 'கூடுதல் விவரம்' என்பதைச் சொடுக்குங்கள். மேலே சிபியு (பிராசஸர்தான்), மெமரி (ரேம்), டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். கணினி திணறிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். திணறல் அடங்கிய பிறகு பார்ப்பது காய்ச்சல் விட்ட பிறகு வெப்பமானி வைப்பது போல. எட்டு வருடக் கணினி என்றால் நான் எதிர்பார்ப்பது இதுதான்: சிபியு பதினைந்து சதவீதம்கூட இருக்காது, டிஸ்க் மட்டும் 100 என்று சிவந்துபோய் நிற்கும். அதன் கீழே ஒவ்வொரு நிரலும் எவ்வளவு படிக்கிறது என்று பார்த்தால், எல்லாம் சேர்ந்து நொடிக்கு ஒரு எம்பி தேறினாலே அதிகம். 'நூறு சதவீதம் வேலை செய்கிறது, ஆனால் ஒரு எம்பிதான் படித்திருக்கிறது, இதென்ன கணக்கு?' என்று கேட்காதவர் இல்லை.

கணக்கு இருக்கிறது. அந்த வயதுக் கணினியில் உள்ளே இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க். மேசைக் கணினியில் வழக்கமாக நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு சுமார் 8 மில்லிநொடி. படிக்கும் முனை தேவையான தடத்துக்கு நகர்ந்து போக சராசரியாக 9 மில்லிநொடி ஆகிறது. போய் நின்ற பிறகு, தேவையான இடம் சுழன்று கீழே வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஆக, ஒரு துண்டுக்கு 13 மில்லிநொடி. நொடிக்கு எழுபது, எண்பது துண்டுகள்தான் எடுக்க முடியும். அந்தத் துண்டு வெறும் 4 கேபியாக இருந்தால் நொடிக்கு 300 கேபிதான் தேறும். அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும் 'நொடிக்கு 150 எம்பி' என்பது ஒரு பெரிய கோப்பை ஒரே மூச்சில் வரிசையாகப் படிக்கும்போது கிடைப்பது. விண்டோஸ் தொடங்கும்போது நடப்பது அதற்கு நேர்மாறு: ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், டிஸ்க் முழுவதும் சிதறிக் கிடப்பவை. போதாததற்கு, டிஸ்க் நிறைய நிறைய, கோப்புகள் வெளி விளிம்பிலிருந்து உள்வட்டத்துக்குப் போகின்றன. உள்வட்டத்தில் வரிசையாகப் படிக்கும் வேகமே ஏறத்தாழப் பாதியாகிவிடும். எஸ்எஸ்டி என்பது சில்லுகளிலேயே சேமிக்கும் புதுவகை டிஸ்க். அதில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. துண்டுக்கு 0.1 மில்லிநொடி அளவில் வேலை முடிந்துவிடுகிறது.

நீங்கள் எதையும் நிறுவவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் கணினி நிறுவிக்கொண்டிருக்கிறது. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10, பல வருடங்கள் ஆண்டுக்கு இருமுறை பெரிய புதுப்பிப்புகளைப் பெற்றது. அவற்றில் பல ஏறக்குறைய முழு மறுநிறுவல். குரோம் உலாவி 2021-இல் நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு என்று மாறியது. பிரிண்டருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, ஏதோ ஒரு நாள் ஒரு கோப்பைத் திறக்கப் போட்ட பிடிஎஃப் நிரல் ஒன்று என எல்லாமே 'புதுப்பிப்பு இருக்கிறதா' என்று பார்க்க ஒரு சின்னக் காவலாளியை நிறுத்தி வைத்திருக்கின்றன. காலையில் கணினி எழுந்தவுடன் எல்லாக் காவலாளிகளும் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை முனையிடம் போய் நிற்கிறார்கள். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்று ஒரு பக்கம் உண்டு. பெயர் தெரிந்தவற்றில் காலையில் தேவைப்படாததையெல்லாம் அங்கே முடக்கலாம். முடக்குவதால் நிரல் அழியாது, நீங்கள் அழைத்தால் வரும். பெயர் புரியாததை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்களே, பாதி அடங்கும். மீதிப் பாதி டிஸ்க்கின் இயல்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை நான் பாடமாகப் படித்ததில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். டிஸ்க் மெதுவாக இருப்பதற்கு அதன் இயல்பு ஒரு காரணம். செத்துக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முகம். பழுதான ஓர் இடத்தைப் படிக்க முடியாதபோது டிஸ்க் உடனே கைவிரிப்பதில்லை, திரும்பத் திரும்ப முயல்கிறது. அந்தச் சில நொடிகளில் மவுஸ் நகரும், எதுவும் திறக்காது. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, ஒருவர் இப்படி ஒரு கணினியைக் கொண்டுவந்தார். 'படங்களை எல்லாம் பென்டிரைவில் எடுத்துவிட்டேன், ஃபார்மட் செய்துவிடுங்கள் தம்பி' என்றார். செய்தேன். பாதி நிறுவலில் டிஸ்க் அப்படியே நின்றுபோனது. சரி, படங்களாவது இருக்கின்றனவே என்று அந்தப் பென்டிரைவைச் செருகிப் பார்த்தேன். கோப்புறைப் படங்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வளைந்த அம்புக்குறி, ஒவ்வொன்றின் அளவும் 2 கேபி. அவர் எடுத்து வைத்திருந்தது முகப்புத் திரையில் இருந்த குறுக்குவழிகளை. படங்கள் இருந்தது நான் அழித்த டிஸ்க்கில். அன்று முதல், யார் என்ன சொன்னாலும், பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, ஒரு படத்தையாவது கண்ணால் பார்க்காமல் ஃபார்மட் பக்கம் கை வைப்பதில்லை.

ஆகவே டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும். அந்தப் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரல் அதைப் படித்துக் காட்டும். நீண்ட பட்டியலில் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: 5-ஆம் எண், அதாவது பழுதென்று ஒதுக்கி மாற்றிவிட்ட இடங்கள். 197-ஆம் எண், பழுதோ என்று சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருக்கும் இடங்கள். இரண்டும் பூச்சியம் என்றால் ஓரளவு நிம்மதி. ஓரளவுதான், எல்லாம் பூச்சியமாக இருந்தும் மறுநாள் இறந்துபோன டிஸ்க்குகளையும் பார்த்திருக்கிறேன். பூச்சியமில்லாமல், வாரத்துக்கு வாரம் எண் ஏறினால் வேறு எதுவும் செய்யாமல் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். சீர்செய்யும் நிரல்கள், டீஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்குவது), ஃபார்மட் எல்லாம் அந்த நிலையில் நோயாளியை ஓட விட்டுப் பார்ப்பது போலத்தான். 199-ஆம் எண் மட்டும் ஏறினால் கொஞ்சம் சிரிக்கலாம். அது பெரும்பாலும் டிஸ்க்கின் குற்றமல்ல, டிஸ்க்கையும், எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டையும் இணைக்கும் கேபிளின் குற்றம்.

அடுத்தது ரேம். டாஸ்க் மேனேஜரில் மெமரி 60, 70 சதவீதம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் தனக்கென்று நிறையவே எடுத்துக்கொள்ளும், சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. மெமரியும் 90-ஐத் தாண்டி, டிஸ்க்கும் 100-இல் நின்றால்தான் விஷயம் வேறு. ரேமில் இடமில்லாமல் ஒரு பகுதியை டிஸ்க்குக்குத் தள்ளி, பிறகு அதையே திரும்பக் கேட்டு எடுக்கிறது. கடன் வாங்கிக் கடன் அடைப்பது போன்ற நிலை, அதுவும் ஊரிலேயே மெதுவாகக் கொடுக்கிறவரிடம் வாங்கிய கடன். உங்களுடையது 4 ஜிபி என்றால் இன்றைய உலாவிக்கு அது போதாது. குரோம் 2008-இல் வந்தபோதே தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாக ஓட்டும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு தாவல் கவிழ்ந்தால் மற்றவை பிழைக்கும் என்பது நல்ல ஏற்பாடுதான், விலையை ரேம் கொடுக்கிறது. 8 ஜிபி இருந்தால் சாதாரண வீட்டு வேலைகளுக்குப் போதும் என்பது என் கணிப்பு. ரேமா எஸ்எஸ்டியா, ஒன்றுதான் முடியும் என்றால், 4 ஜிபி உள்ள கணினியிலும் நான் முதலில் எஸ்எஸ்டியைத்தான் போடச் சொல்வேன். இதில் என் தொழில்காரர்களே ஒத்துப்போக மாட்டார்கள், அது அவர்கள் பாடு.

தினமும் அணைத்து வைக்கிறேன் என்றீர்களே, அங்கேதான் ஒரு சூட்சுமம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டௌன் கொடுத்தால் உங்கள் நிரல்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் அடிப்பகுதி தன் அன்றைய நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும், மறுநாள் அதையே எழுப்பும். நேற்றைய சிக்கல் எதுவோ அது இன்றும் தொடரும். முழுதாக அணைந்து முழுதாக எழ எளிய வழி ரீஸ்டார்ட் கொடுப்பதுதான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கினால் கீழே 'அப் டைம்' என்று இருக்கும், கடைசியாக முழுதாக எழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்ற கணக்கு. தினமும் அணைப்பதாகச் சத்தியம் செய்தவர்களின் கணினியில் அங்கே 40 நாள், 60 நாள் என்று பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, பெயர்தான் பொய் சொல்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். வேறெந்த மருந்தும் இவ்வளவு மலிவில்லை.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. இயக்கியவுடன் நன்றாக இருந்து, பத்து நிமிடம் கழித்து மெதுவாகிறது, ஃபேன் சத்தம் ஏறுகிறது என்றால் டிஸ்க்கை விட்டுவிட்டுத் தூசியைப் பாருங்கள். பிராசஸர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். எட்டு வருடம் திறக்காத பெட்டியில், ஃபேனுக்கும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசி பஞ்சுமெத்தை போலப் படிந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையால் துடைத்து எடுங்கள். பிராசஸருக்கு மேல் உள்ள பசை காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பழக்கமில்லாதவர் அதைச் செய்ய வேண்டாம். மடிக்கணினிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: சில மாடல்கள், சார்ஜரைத் தன்னுடையதென்று அடையாளம் காணாவிட்டால் வேகத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். பேட்டரி உப்பி அடித்தட்டு தூக்கிக்கொண்டிருந்தால் வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அது தீ விபத்துக்கான காரியம்.

இணையதளங்கள் மிரட்டுவதாகச் சொன்னீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதே குறையோடு வந்தார். 'தம்பி, என் கணினிக்கு உலகத்தில் ஒருவர் மேலும் நம்பிக்கை இல்லை. வங்கியைக்கூட நம்ப மாட்டேன் என்கிறது' என்றார். 'அம்மா, அதன் கடிகாரத்தைப் பார்த்தீர்களா?' என்றேன். திரையின் வலது கீழ்மூலையில் பத்து வருடத்துக்கு முந்தைய ஜனவரி முதல் தேதி. ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்திடமும் ஒரு சான்றிதழ் இருக்கும், அதற்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கெடு உண்டு. கணினியின் பார்வையில் அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. எப்படி நம்பும்? மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துபோனால், பிளக்கைப் பிடுங்கி வைத்த மறுநாள் கணினி பழைய காலத்துக்குப் போய்விடும். உங்களுக்கும் 'சில நாட்களில்' மட்டும் நடக்கிறது என்பதால், சுவரில் சுவிட்சை அணைத்த மறுநாள்தானா என்று கவனியுங்கள். அப்படியானால் பேட்டரிதான் என்று கிட்டத்தட்டச் சத்தியமே செய்வேன்.

செய்ய வேண்டாதவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முகப்புத் திரையில் வலது சொடுக்கு, ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று பத்துத் தடவை தட்டுவது படங்களைத் திரும்ப வரைகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு மன அமைதி தருமென்றால் நான் தடுக்கவில்லை, நானும் தட்டுகிறேன். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் நிரல்கள் வேண்டவே வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டே அவற்றை ஆதரிப்பதில்லை என்று சொல்லியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கணினிகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்களை ஒன்றாகப் போடாதீர்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேர் சோதிப்பார்கள், சமயத்தில் ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். எஸ்எஸ்டி போட்ட பிறகு டீஃப்ராக் நிரல் எதையும் வாங்காதீர்கள். அதற்குத் தேவையான பராமரிப்பை விண்டோஸ் தானே செய்துகொள்கிறது.

இனி ஃபார்மட். அது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். எட்டு வருடக் குப்பை, பழுதான டிரைவர் (பாகங்களை இயக்கும் நிரல்), ஒளிந்திருக்கும் வைரஸ் ஆகியவை போகும். ஆனால் டிஸ்க்கின் சுழற்சி கூடாது, ரேம் வளராது, தூசி பறக்காது. ஃபார்மட் செய்தால் முதல் மாதம் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்து, ஆறு மாதத்தில் பழைய நடைக்குத் திரும்பிவிடும் கணினிகளையே அதிகம் கண்டிருக்கிறேன். எஸ்எஸ்டி மாற்றும்போது அதில் புதிதாக விண்டோஸ் நிறுவுவதுதான் ஒரே உழைப்பில் இரண்டு பலன். பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே ஓரமாக வைத்திருக்கலாம், ஏதாவது விட்டுப்போயிருந்தால் தேட.

கம்பெனிகள் மீதான சந்தேகம் ஆதாரமில்லாததல்ல. பேட்டரி தளர்ந்த ஐஃபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் சொன்னது. உங்கள் மேசைக் கணினிக்கு இவ்வளவு பெரிய சதி தேவையில்லை என்பது என் எண்ணம். மென்பொருள் எழுதுகிறவர்களின் கையில் இருப்பது புதிய, வேகமான கணினி. அதில் ஓடினால் அவர்களுக்குப் போதும். வன்பொருளின் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டிருக்கிறது என்று கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995-லேயே அங்கலாய்த்தார். அதை வேண்டுமென்று செய்வது என்பதா, அக்கறையின்மை என்பதா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

புதிது வாங்குவது பற்றி முடிவெடுக்க வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாட்டையும், தன் பட்டியலில் உள்ள பிராசஸரையும் கேட்கிறது. எட்டு வருடக் கணினி அந்தக் கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, மாடலைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் நிரல் சொல்லிவிடும். தேறினால் எஸ்எஸ்டியும் ரேமும் போட்டு இன்னும் சில வருடம் தைரியமாக ஓட்டலாம். தேறாவிட்டால், வங்கி வேலைகள் எல்லாம் அதில் நடக்கிறதென்றால், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸுக்கு மாறுவதையோ புதிது வாங்குவதையோ யோசிக்கத்தான் வேண்டும்.

நான் சொல்ல முடியாத ஒரு வகையும் உண்டு. நாளுக்கு இரண்டு தடவை, எந்த ஒழுங்கும் இல்லாமல், திரை அப்படியே உறைந்துபோகிறது என்றால், அது பவர் சப்ளையாக இருக்கலாம், ரேமின் தொடர்பாக இருக்கலாம், மதர்போர்டில் உப்பிய ஒரு கெப்பாசிட்டராக இருக்கலாம். ஒவ்வொரு பாகமாக மாற்றிப் போட்டுப் பார்க்காமல் எழுத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

நாளைக் காலையில் கணினியை இயக்கி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, இரண்டாவது நிமிடத்திலும் பத்தாவது நிமிடத்திலும் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் என்ன காட்டுகின்றன என்று எழுதுங்கள். கூடவே ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 199 ஆகிய மூன்றின் எண்கள். அதற்கு முன் இன்றிரவே உங்கள் படங்களை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்து, அதை இன்னொரு கணினியில் செருகித் திறந்து பாருங்கள். மூலையில் அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.